இரத்தம் ஏற்றும் குழந்தைகளும் இரும்பை இறக்கும் மருந்துகளும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

விதை, எரு, கிணறு, பாதை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி நாம் கூடும்போதெல்லாம் பேசி வருகிறோம். இன்று அவற்றினின்றும் சற்றே விலகி, பரம்பரையாக வரும் ஓர் இரத்த நோயையும் அதற்குரிய மருந்துகளையும் பற்றிச் சில சொற்கள் கூற வந்திருக்கிறோம். ‘இது வைத்தியர்களின் காரியம் அல்லவா? பஞ்சாயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பேச்சு முடிவதற்குள் அந்தத் தொடர்பு தானே விளங்கும் என்று நம்புகிறோம்.

எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிறந்தபோது குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. ஆறேழு மாதங்கள் சென்றதும் அதன் முகம் வெளுக்கிறது. பால் குடிக்கச் சோம்புகிறது. வயிறு மட்டும் பெருக்கிறது. கண்ணேறு கழிக்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்கிறார்கள். எதற்கும் குணமில்லை. கடைசியில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றால், ‘இது தலசீமியா, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும்’ என்று சொல்லுகிறார்கள். தந்தை தம் கூலியையும் பஸ் கட்டணத்தையும் கணக்கிட்டுத் திகைக்கிறார். வீட்டிலோ, ‘உன் வயிற்றில் பிறந்த கோளாறு’ என்று தாயின் மேல் பழி விழுகிறது. இக்குடும்பத்துக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்? என்ன செய்யப் போகிறோம்? இதுவே இன்றைய கேள்வி.

நோயின் தன்மை

இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின் என்னும் பொருள். நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அது ஆல்பா, பீட்டா என்னும் இருவகைச் சங்கிலிகளால் ஆனது. ஏரில் பூட்டும் ஜோடி மாடுகளைப் போல இவ்விரண்டும் சமமாக அமைய வேண்டும். தலசீமியா நோயில் பெரும்பாலும் பீட்டாச் சங்கிலி உண்டாவதில்லை; அல்லது மிகக் குறைவாக உண்டாகிறது. இணையின்றி நிற்கும் ஆல்பாச் சங்கிலிகள் இளம் சிவப்பணுவையே கெடுத்துவிடுகின்றன. எலும்புக்குள் உள்ள மஜ்ஜை இரவு பகலாக உழைக்கிறது. ஆனால் விளைவதில் பெரும்பகுதி பதராகிவிடுகிறது. ஓயாத உழைப்பினால் முக எலும்புகள் பருக்கின்றன; மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் இருப்பதால், பிறந்த சில மாதங்கள் வரை நோய் வெளிப்படுவதில்லை.

இது தொத்து நோய் அன்று. முன்வினைப் பயனும் அன்று. தந்தை, தாய் ஆகிய இருவரும் இக்குறையின் ஒரு பாதியைத் தம்மிடம் தாங்கி இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வருகிறது. அவ்விருவரும் நோயாளிகள் அல்லர். நல்ல உழைப்பாளிகளாகவே இருப்பார்கள். அவர்களைத் தாங்கிகள் என்று அழைக்கலாம். இரு தாங்கிகள் மணந்து கொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. நான்கில் இரண்டு பங்கு தாங்கியாகப் பிறக்க இடமுண்டு. நான்கில் ஒரு பங்கு முற்றிலும் குறையின்றிப் பிறக்க இடமுண்டு. ‘முதற்குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்கு வராது’ என்று கணக்கிடுவது தவறு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது. தாயை மட்டும் பழிப்பது எவ்வளவு அநீதி என்பதும் இதனால் விளங்கும். பாதி தந்தையிடமிருந்து வராமல் இந்நோய் வருவதே இல்லை.

நம் நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்குக் குறையாத குழந்தைகள் இந்நோயுடன் பிறப்பதாக 2016-இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டி நூல் மதிப்பிட்டிருக்கிறது. இதற்கு உறவான இன்னொரு நோய் அரிவாள் அணுச் சோகை. நம் நாட்டில் அக்குறை முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நமது நீலகிரியில், அங்குள்ள பழங்குடி மக்களிடையே, 1952-ஆம் ஆண்டில்தான். ஆகவே இவை எங்கோ தூர தேசத்து நோய்கள் என்று நாம் இருந்துவிட முடியாது.

இரத்தம் தரும் உயிர்

1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரக் குழந்தை வைத்தியரான தாமஸ் கூலி என்பவர் இந்நோயைத் தனி நோயாக விவரித்தார். அக்காலத்தில் இக்குழந்தைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். பின்னர் ஒழுங்காக இரத்தம் ஏற்றும் முறை வந்தது. இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை மட்டும் பிரித்து, இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன்னும் ஹீமோகுளோபின் 9.5 கிராமுக்குக் கீழே இறங்காதபடி பார்த்துக்கொண்டால் குழந்தை வளர்கிறது, விளையாடுகிறது, பள்ளிக்குச் செல்கிறது. முகம் கோணுவதில்லை, வயிறு பெருப்பதில்லை. குழந்தை துவண்டு விழும்வரை காத்திருந்து ஏற்றுவது, பயிர் காய்ந்த பிறகு மடை திறப்பதைப் போன்றது.

ஆயினும் இரத்தம் ஏற்றப்பெற்ற குழந்தைகள் அனைவரும் வாழ்ந்துவிடவில்லை. பதினைந்து, இருபது வயதை எட்டும்போது பலர் இருதயம் சோர்ந்து இறந்தனர். உயிர் கொடுத்த இரத்தமே உயிரை வாங்கியது ஏன்? இங்கேதான் மருந்தின் கதை தொடங்குகிறது.

வடிகால் இல்லாத வயல்

இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. ஒரு பை சிவப்பணுவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. நம் உடலிலிருந்து நாள்தோறும் இயல்பாகக் கழிவதோ சுமார் ஒரு மில்லிகிராம்தான். ஓராண்டு முழுவதும் கழிவதைக் கூட்டினாலும் இரண்டு பை இரத்தத்தின் இரும்புக்கு ஈடாகாது. வளர்ந்த நோயாளி ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு இரண்டு பை என்று கொண்டால், ஆண்டுக்கு 34 பை. அதில் சுமார் 7 கிராம் இரும்பு. நல்ல உடல்நலமுள்ள ஒருவரின் உடல் முழுவதிலும் இருக்கும் இரும்பு 3 அல்லது 4 கிராம்தான் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விவசாயிகளாகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வாய்க்கால் இருந்து வடிகால் இல்லாத வயலுக்கு என்ன நேர்கிறது? நீரோடு வந்த உப்பு மண்ணிலேயே தங்குகிறது. முதல் ஆண்டு தெரியாது. இரண்டாம் ஆண்டு தெரியாது. சில ஆண்டுகளில் நிலம் களராகிப் பயிர் கருகுகிறது. உடலும் அப்படியே. இரும்பு முதலில் கல்லீரலில் தங்குகிறது. பிறகு கணையத்தைக் கெடுத்து நீரிழிவை உண்டாக்குகிறது. வளர்ச்சிக்கும் பூப்புக்கும் காரணமான சுரப்பிகளைக் கெடுத்துப் பிள்ளைகளைக் குள்ளமாகவும் பருவம் எய்தாதவர்களாகவும் ஆக்குகிறது. இறுதியில் இருதயத்தைப் பற்றுகிறது. ஆகவே வடிகால் வெட்டியே தீர வேண்டும். இரும்பை இறக்கும் மருந்துகளே அந்த வடிகால்.

மூன்று மருந்துகள்

முதல் மருந்து டெஸ்பெராக்சமைன். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1960-ஆம் ஆண்டை ஒட்டிச் சுவிட்சர்லாந்து நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. இரும்பைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியாகவும் மலத்தின் வழியாகவும் வெளியேறும் தன்மை இதற்கு உண்டு. ஆனால் வாயால் உட்கொண்டால் பயனில்லை. தோலுக்கடியில் சிறு ஊசியைப் பொருத்தி, கையடக்கமான ஒரு பம்பின் உதவியால் இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். வாரத்தில் ஐந்து முதல் ஏழு இரவுகள் இவ்வாறு செய்ய வேண்டும். இதை ஒழுங்காகச் செய்த பிள்ளைகள் பெரியவர்களாகி, மணம் செய்து, மக்களைப் பெற்றிருக்கிறார்கள். ஆயினும் ஊசியின் வலியையும் பம்பின் விலையையும் தாங்க முடியாமல் கைவிட்டவர்கள் பலர்.

இரண்டாவது மருந்து டெபெரிப்ரோன். இது வாயால் உட்கொள்ளும் மருந்து. நாளைக்கு மூன்று வேளை. 1980-களில் லண்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் இதை உருவாக்கினார்கள். 1990-களின் நடுவிலேயே நம் இந்திய நாட்டில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் 1999-லும் அமெரிக்காவில் 2011-லும்தான் அனுமதி வந்தது. இருதயத்தில் தங்கிய இரும்பை நீக்குவதில் இது சிறந்தது. இம்மருந்தை உண்ணும்போது சிறுநீர் செந்நிறமாக இறங்கினால் அஞ்ச வேண்டாம். இரும்பு வெளியேறுகிறது என்பதே அதன் பொருள். அஞ்ச வேண்டியது வேறொன்று. நூற்றில் ஓரிருவருக்கு இம்மருந்தினால் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திடீரென்று குறைந்துவிடக்கூடும். ஆகவே இரத்தத்தை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால், ‘சாதாரணக் காய்ச்சல்தானே’ என்று இராமல், மருந்தை உடனே நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சென்று வெள்ளணுக்களை எண்ணச் செய்ய வேண்டும். இந்த ஒரு விதியை மறவாதிருத்தல் உயிர் காக்கும்.

மூன்றாவது மருந்து டெபெராசிராக்ஸ். 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளைக்கு ஒரு வேளை உண்டால் போதும். நீரில் கரைத்துக் குடிக்கும் வகை மாத்திரையானால், காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாக, அடியில் தங்கிய தூளையும் மறுபடி நீர் விட்டுக் கலக்கிக் குடித்துவிட வேண்டும். இது சிறுநீரகத்தையும் கல்லீரலையும் சிலருக்குப் பாதிக்கலாம். மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை அவசியம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டு உடலில் நீர் வற்றும் காலத்தில் வைத்தியரைக் கேட்காமல் இம்மருந்தைத் தொடரக் கூடாது.

இம்மூன்றில் எது, எவ்வளவு, எதனோடு எதைச் சேர்ப்பது என்பதையெல்லாம் வைத்தியரே முடிவு செய்வார். பொதுவாகப் பத்து முதல் இருபது முறை இரத்தம் ஏற்றிய பிறகு, அல்லது பெரிட்டின் என்னும் இரும்பின் அளவுகோல் ஆயிரத்தைத் தாண்டியதும் மருந்தைத் தொடங்குகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிட்டினை அளந்து பார்க்க வேண்டும். இருதயத்திலும் கல்லீரலிலும் தங்கிய இரும்பை எம்.ஆர்.ஐ. கருவியால் அளக்கும் முறையும் வந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பயன்

இங்கே ஒரு பெரிய இடையூறு உண்டு. இரத்தம் ஏற்றியதும் குழந்தையின் முகம் மலர்கிறது. பெற்றோர் அதைக் கண்ணால் காண்கிறார்கள். இரும்பை இறக்கும் மருந்தோ எதையும் கண்ணுக்குக் காட்டுவதில்லை. கொடுத்தாலும் பிள்ளை அப்படியே இருக்கிறான்; கொடுக்காவிட்டாலும் அப்படியே இருக்கிறான். ‘நன்றாகத்தானே இருக்கிறான், இந்த மாத்திரைக்கு ஏன் இவ்வளவு செலவு?’ என்ற எண்ணம் எழுகிறது. அறுவடைக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேரமில்லாமல் மாத்திரை தீர்ந்துவிடுகிறது. ஒரு மாதம் இரண்டு மாதமாகிறது, இரண்டு ஆறாகிறது. பத்தாண்டுகள் கழித்து, பள்ளியிறுதி வகுப்பை எட்டும் வயதில், அந்தப் பிள்ளையின் இருதயம் தளர்கிறது. அந்நாளில் பெற்றோர் படும் துயரத்தைச் சொல்லித் தீராது. மருந்து இல்லாமையால் நேரும் இழப்பை விட, இருக்கும் மருந்தை இடைவிட்டு உண்பதால் நேரும் இழப்பு நம்மை அதிகம் வருந்தச் செய்கிறது. ஏனெனில் அது தடுக்கக்கூடியது.

இன்னுமொன்று. இரத்தக் குறைவு என்றவுடன் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது நம் வழக்கம். சாதாரணச் சோகைக்கு அது சரியே. ஆனால் இரத்தம் ஏற்றும் தலசீமியாக் குழந்தைக்கு அது நஞ்சுக்கு ஒப்பாகும். களரான வயலில் மேலும் உப்பைக் கொட்டுவது போலாகும். பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் நல்ல திட்டம். ஆனால் இக்குழந்தைகளுக்கு மட்டும் அதைக் கொடுத்தல் ஆகாது என்று ஆசிரியரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

புதிய மருந்துகள்

இரும்பை இறக்குவதோடு நில்லாமல், இரத்தம் ஏற்றும் தேவையையே குறைக்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன. ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை, கருவில் இருந்தபோது இருந்த ஹீமோகுளோபினை மறுபடி ஓரளவு சுரக்கச் செய்கிறது. அரிவாள் அணுச் சோகையில் வலியையும் இரத்தம் ஏற்றும் தேவையையும் இது பெரிதும் குறைக்கிறது. தலசீமியா நோயாளிகளில் சிலருக்கே பயன்படுகிறது.

மற்றொன்று லஸ்பாடெர்செப்ட். மஜ்ஜையில் பதராகப் போகும் அணுக்களை முற்றச் செய்ய உதவும் ஊசி மருந்து இது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுகிறார்கள். 336 வயது வந்த நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியில், இம்மருந்தைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு, குறிப்பிட்ட பன்னிரண்டு வார காலத்தில் இரத்தத் தேவை மூன்றில் ஒரு பங்காவது குறைந்தது. மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கே அவ்வாறு குறைந்தது. 2019-இல் அமெரிக்கா அனுமதித்தது. பயன் உண்டு; ஆனால் எல்லோருக்கும் இல்லை; விலையும் மிக அதிகம். தாலிடோமைடு என்னும் மருந்தையும் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கருவில் உள்ள சிசுவைக் கொடிய ஊனத்துக்கு உள்ளாக்கும் மருந்து அது. தகுந்த வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பு இன்றி அதைத் தொடலாகாது.

நோயை அடியோடு நீக்க எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இது நடந்து வருகிறது. உடன்பிறந்தாரின் மஜ்ஜை பொருந்தினால், சிறு வயதிலேயே, உடலில் இரும்பு மிகுவதற்கு முன் செய்துகொள்வது நல்லது. அதற்கும் இரும்பை இறக்கும் மருந்தே வழி திறந்து வைக்கிறது.

ஒரு தீவின் பாடம்

மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்று ஒரு சிறு தீவு உண்டு. பல நூற்றாண்டுகளாக மலேரியா வாட்டிய நாடு அது. தலசீமியாத் தாங்கிகளை மலேரியா அவ்வளவாகக் கொல்லாது. ஆகவே தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொகை பெருகி, ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் தாங்கி என்றாயிற்று. 1950-ஆம் ஆண்டளவில் அங்கே மலேரியா ஒழிந்தது, தலசீமியா ஒழியவில்லை. இரத்தமும் மருந்தும் கொடுத்துக் குழந்தைகளைக் காக்கத் தொடங்கியதும், ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் சேர்ந்துகொண்டே போனால் அத்தீவின் இரத்தமும் பணமும் போதாமற்போகும் என்பதை அரசாங்கம் உணர்ந்தது. 1970-களில் தாங்கிகளைக் கண்டறியும் இயக்கம் தொடங்கிற்று. நோயாளிகளின் பெற்றோரே முன்னின்றனர். 1983 முதல் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று அந்நாட்டுத் திருச்சபையும் கூறிற்று. யாரும் யாரையும் மணக்கக் கூடாது என்று தடுக்கவில்லை. அறிந்து முடிவு செய்யுங்கள் என்றே கூறினர். நோயுடன் பிறக்கும் குழந்தைகள் அங்கே மிக அரிதாயினர். சிகிச்சையும் தடுப்பும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்பதே அத்தீவு தரும் பாடம்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

நண்பர்களே, இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். நாம் செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, இரத்த தானம். பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயதுக்குட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ள நல்ல உடல்நலமுடையவர்கள் தானம் செய்யலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. கோடையில் கல்லூரிகள் மூடியிருப்பதால் இரத்தம் அருகிவிடுகிறது. குழந்தையின் நோய்க்கோ கோடை விடுமுறை இல்லை. மே முதல் நாள் கிராம சபையிலேயே தீர்மானம் செய்து, அம்மாதத்தில் ஊருக்கொரு முகாம் நடத்தலாம்.

இரண்டாவது, குடும்பத்துக்குத் துணை. அரசாங்க இரத்த வங்கிகளில் இந்நோயாளிகளுக்கு இரத்தம் கட்டணமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் அரிவாள் அணு நோயும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாத தந்தை இதற்கான சான்றிதழைத் தேடி அலைவதற்குப் பதில், உறுப்பினர் ஒருவர் உடன் செல்லலாம். மருந்து வாங்கும் நாள் அறுவடை நாளாக இருந்தால், அண்டை வீட்டார் ஒருவர் அக்குடும்பத்தின் வேலையை ஒரு பொழுது பார்த்துக்கொள்ளலாம். இதற்கு வரவு செலவுத் திட்டம் வேண்டியதில்லை. நல்ல மனம் போதும்.

மூன்றாவது, பரிசோதனை. தாங்கியா என்பதை ஒரு சிறு இரத்தப் பரிசோதனையால் அறியலாம். ஒரு குடும்பத்தில் நோய் கண்டால் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, அத்தை மாமன் வீட்டார் அனைவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தை மகள், அக்காள் மகள் என்று முறை பார்த்து மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே குறையைத் தாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இது மேலும் அவசியம். ஜாதகம் பார்க்க நாள் ஒதுக்கும் நாம், இரத்தம் பார்க்கவும் ஒரு நாள் ஒதுக்கலாகாதா? மணமாகிவிட்டவர்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே வைத்தியரிடம் சொன்னால், சிசுவின் நிலையை அறியவும் வழி உண்டு. அரிவாள் அணு நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023-இல் தொடங்கப்பட்டிருக்கிறது. மலைப்பகுதிப் பஞ்சாயத்துகள் அதனை நன்கு பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நாவடக்கம். யார் வீட்டில் நோய், யார் தாங்கி என்பவற்றை மேடையில் பேசுதல் ஆகாது. ஒரு பெண்ணின் திருமணம் ஊர்வாயால் கெடுமானால் நாளைக்கு ஒருவரும் பரிசோதனைக்கு வரமாட்டார். தாங்கியாக இருப்பது குற்றமன்று, நோயுமன்று.

முடிவாக ஒரு சொல். தொடக்கத்தில் எண்ணிப் பார்த்த குடும்பத்தை மறந்துவிட வேண்டாம். அந்தக் குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேண்டிய இரத்தம் எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தியாவதில்லை. அது நம்மிடம்தான் இருக்கிறது. நாள்தோறும் வேண்டிய மருந்தை வைத்தியர் எழுதித் தருவார். அது ஒரு நாளும் தவறாமல் அந்த வீட்டை அடையும்படி பார்த்துக்கொள்ள அயலாராகிய நாம் இருக்கிறோம். வாய்க்கால் வெட்டினோம், வடிகாலையும் காப்போம். அந்தக் குழந்தையும் நம் பிள்ளைகளோடு வளர்ந்து, நாளைக்கு இதே மன்றத்தில் உறுப்பினராக வந்து அமரட்டும்.